உரிமையை நிறுத்தி வைத்தால் வளர்ச்சி வருமா? ரங்கூனிலிருந்து ஒரு பதில்

தூத்துக்குடியில் பொருளாதாரம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “சீனா, வியட்நாம், சிங்கப்பூர் எல்லாம் மனித உரிமை பேசிக்கொண்டிருக்காமல்தான் முன்னேறின. ஏழை நாடு முதலில் வளரட்டும், உரிமையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வாதாடுகிறார்கள். பர்மாவில் இருக்கும் தமிழர் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? வெளிநாடுகள் போடும் பொருளாதாரத் தடையால் உரிமை திரும்பி வருமா?”

சரியான இடத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள் தம்பி. “உரிமை அப்புறம்” என்ற சோதனையை அரைகுறையாக இல்லாமல் முழுசாகச் செய்து பார்த்த நாடு இது. 1962 மார்ச் 2-ம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1988 வரை ஒரே கட்சி. அரசு சொல்வதுதான் செய்தி. தனியார் வங்கி கிடையாது, சுதந்திரமான தொழிற்சங்கம் கிடையாது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னால் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்து உலகத்தில் முதலிடத்தில் இருந்த நாடு, 1987 டிசம்பரில் ‘மிகவும் பின்தங்கிய நாடுகள்’ என்ற ஐ.நா. பட்டியலில் போய்ச் சேர்ந்தது. உரிமையும் இல்லை, வளர்ச்சியும் இல்லை.

ஆனால் இதோடு முடித்தால் உங்கள் வகுப்பில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். “அது சோஷலிசத்தின் கோளாறு, சர்வாதிகாரத்தின் கோளாறு இல்லை” என்பார்கள். அந்த வாதத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. அதனால் நான் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் பேராசிரியர் இல்லை. பருப்பு, பயறு ஏற்றுமதியில் கணக்கு எழுதியே காலம் தள்ளியவன். தமிழ்நாட்டில் இட்லிக்கு அரைக்கும் உளுந்தில் ஒரு பங்கு எங்கள் ஊர் சரக்கு.

ரங்கூனின் பயின்னவுன் மொத்தச் சந்தைக்குப் போனால், தரகர் சாக்கில் குத்தூசியைச் செருகி ஒரு பிடி உளுந்தை உருவி, தட்டில் கொட்டி, விரலால் பரப்பிப் பார்ப்பார். ஒடிந்தது எத்தனை, சுருங்கியது எத்தனை, மண் எத்தனை என்று கண்ணாலேயே எடை போட்டு, எஃப்.ஏ.க்யூ. என்ற சராசரித் தரமா, எஸ்.க்யூ. என்ற உயர்தரமா என்று சொல்லிவிடுவார். அடுத்த நிமிஷம் சென்னை விலை, மும்பை விலை எல்லாம் போனில் வந்துவிடும். பயறு விளைவிக்கும் விவசாயிக்கும் அந்த விலை தெரியும், தெரிந்துதான் அடுத்த பட்டம் எதைப் போடலாம் என்று முடிவு செய்வார்.

அதே விவசாயி, அதே நிலத்தில், மழைக்காலத்தில் நெல் போடுவார். அந்த நெல்லின் கதை 2003 வரை வேறு. ஏக்கருக்கு இத்தனை கூடை அரசாங்கத்துக்கு, அரசாங்கம் சொல்லும் விலைக்கு என்று கட்டாயக் கொள்முதல். சந்தையில் விலை இரண்டு மடங்கு இருந்தாலும் சரி, வெள்ளம் வந்து பாதி அழிந்தாலும் சரி, அளவை அளந்தே ஆகவேண்டும். நிலம் சட்டப்படி அரசாங்கத்துடையது. சொன்ன பயிரைப் போடவில்லை, சொன்ன அளவைக் கொடுக்கவில்லை என்றால் உழும் உரிமையே போய்விடலாம். 1987-ல் கொஞ்ச காலம் தளர்த்தினார்கள், பிறகு மறுபடி கொண்டுவந்தார்கள், 2003-ல்தான் கைவிட்டார்கள். பயறை மட்டும் 1988-க்குப் பிறகு தனியார் வாங்கலாம், விற்கலாம், கப்பலேற்றலாம் என்று விட்டுவிட்டார்கள். ராணுவ அரசு அதைப் பெரிதாக நினைக்கவில்லை போலிருக்கிறது.

விளைவு என்ன? அரிசி ஏற்றுமதி 1988-ஐ ஒட்டி ஒரு லட்சம் டன்னுக்கும் கீழே படுத்துவிட்டது, பல வருஷம் தலை தூக்கவில்லை. பயறு, உளுந்து, துவரை பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் பல லட்சம் ஏக்கரில் பரவி, ஏற்றுமதி ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னைத் தொட்டது. மண், மழை, ஆள், ஆட்சி எதுவும் மாறவில்லை. தான் விளைவித்ததை, தான் விரும்பியவருக்கு, தான் ஒத்துக்கொண்ட விலைக்கு விற்கலாம் என்ற ஒன்றுதான் மாறியது. அதை யாரும் ‘மனித உரிமை’ என்று மேடையில் பேசவில்லை. ஆனால் ஒரு மனிதனின் உழைப்பை அவனிடம் கேட்காமல் எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதைவிட அடிப்படையான உரிமை வேறு என்ன இருக்கிறது?

இப்போது உங்கள் சீனாவுக்கும் வியட்நாமுக்கும் வருகிறேன். சீனாவில் கூட்டுப் பண்ணைக் காலத்தில், 1959 முதல் 1961 வரை, கோடிக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்தார்கள். வளர்ச்சி எப்போது தொடங்கியது? 1978 டிசம்பரில் அன்ஹுய் மாநிலத்தின் ஷியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள், பிடிபட்டால் ஜெயில் என்று தெரிந்தும், நிலத்தைக் குடும்பத்துக்குக் குடும்பம் பிரித்து உழுவது என்று ரகசியமாக எழுதிக் கைநாட்டு வைத்தார்கள். பெய்ஜிங் பிற்பாடு அதையே நாடு முழுக்கக் கொள்கையாக்கியது. வியட்நாமில் 1986-ல் ‘தொய் மொய்’ என்று சீர்திருத்தம் தொடங்கி, 1988-ல் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையைக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். அதுவரை அரிசி இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு 1989-லேயே பெரிய ஏற்றுமதியாளர் ஆகிவிட்டது. சிங்கப்பூரில் பத்திரிகைக்கும் எதிர்க்கட்சிக்கும் கெடுபிடி உண்டு, ஆனால் ஒப்பந்தம் போட்டால் கோர்ட்டில் செல்லும், உங்கள் வங்கிக் கணக்கில் இருப்பது உங்களுடையது, சாதாரணத் தொழிலாளிக்கும் அரசு அடுக்குமாடியில் வீடு உண்டு.

ஆகவே “உரிமை இல்லாமல் வளர்ந்தார்கள்” என்பது பாதிக் கதை. எந்த உரிமைகளைத் திருப்பிக் கொடுத்தார்களோ, அந்தக் கதவு வழியாகத்தான் வளர்ச்சி உள்ளே வந்தது. ஓட்டுரிமை கொடுக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ‘நிலம், வியாபாரம், சொத்து போதும், ஓட்டும் பேச்சும் வேண்டாம்’ என்று வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கொடுத்ததை யாராவது திரும்ப எடுத்துக்கொண்டால் கேட்பதற்கு ஆள் வேண்டாமா? எங்கள் அனுபவம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

1963-ல் வங்கிகள் அரசுடைமை. 1964 மார்ச்சில் கடைகள். ரங்கூனில் ராணுவக்காரர் கடை வாசலில் வந்து நின்று, இருப்பை எண்ணி, சாவியை வாங்கிக்கொண்டார்கள். அதே வருஷம் மே 17-ல் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் (கியாட்தான் இங்கத்திய பணம்) செல்லாது என்று அறிவிப்பு. அந்தச் சில வருஷங்களில் சுமார் மூன்று லட்சம் இந்திய வம்சாவளியினர் கப்பலேறினார்கள், அவர்களில் நம்மவர்கள் ஏராளம். கொண்டுபோவதற்கும் ஏகப்பட்ட கட்டுப்பாடு. சென்னை கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே 1969-ல் பர்மா பஜார் வந்தது அவர்கள் பிழைப்புக்காகத்தான். பல ஊர்களில் பர்மா காலனி இருப்பதும், வடசென்னையில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்பதும் அந்த ஒரு முடிவின் மிச்சம். போனவர்கள் கதை தமிழ்நாட்டில் உங்களுக்குத் தெரியும். போன பிறகு இங்கே என்ன ஆயிற்று என்பதைப் பற்றி அங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. ‘மக்கள் கடை’ என்று அரசே கடைகளைத் திறந்தது, அலமாரிகள் காலியாக இருந்தன, சோப்பிலிருந்து மருந்து வரை தாய்லாந்து எல்லையிலிருந்து திருட்டுத்தனமாக வந்தது. வியாபாரம் தெரிந்தவனை விரட்டினால் வியாபாரம் நின்றுவிடாது. கள்ளச்சந்தைக்குப் போய்விடும், அவ்வளவுதான்.

நோட்டுக் கதை அதோடு முடியவில்லை. 1985-ல் 20, 50, 100 கியாட் நோட்டுகளை மறுபடி ரத்து செய்தார்கள். அதற்குப் பதிலாக 25, 35, 75 என்று விசித்திரமான நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தன. 1987 செப்டம்பர் 5-ம் தேதி அவையும் செல்லாது, இந்தத் தடவை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. பிறகு வந்தவை 45-ம் 90-ம். இரண்டும் ஒன்பதால் வகுபடும் எண்கள், ஜெனரல் நே வினுக்கு ராசியான எண் ஒன்பது என்று ஊரே பேசிக்கொண்டது. அடுத்த வருஷம் ஆகஸ்ட் 8-ம் தேதி நாடே தெருவுக்கு வந்ததற்குப் பல காரணங்கள் உண்டு, கையில் இருந்த பணம் ஒரே நாளில் காகிதமானது அவற்றில் முதல் வரிசையில் இருப்பது. இந்த முடிவுகளில் ஒன்றையாவது ஒரு பத்திரிகை முன்கூட்டிக் கேள்வி கேட்டிருக்க முடியுமா? ஒரு எம்.பி. எழுந்து நின்றிருக்க முடியுமா? ஒரு கோர்ட் நிறுத்தி வைத்திருக்க முடியுமா? பேச்சுரிமை என்பது படித்தவர்களின் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள், அந்த 75 கியாட் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ரிக்ஷாக்காரரை நினைத்துப் பார்க்கலாம்.

இதன் விலையை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஷ்வே போன் தா தெருவில், பழைய ஆட்கள் மொகல் தெரு என்பார்கள், வரிசையாகத் தங்கக் கடைகள். அறுவடை முடிந்ததும் ஐராவதி டெல்டா பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். பயறு விற்ற பணத்தை இடுப்பு மடிப்பிலிருந்து எடுத்து, எண்ணி, ஒரு சங்கிலியோ இரண்டு வளையலோ வாங்கி, ரசீதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்வார்கள். ஆசைக்கு வாங்குவதில்லை. விதைப்புக் காலம் வந்ததும் அதே நகையைக் கொண்டுவந்து விற்று உரம் வாங்குவார்கள். ஒவ்வொரு தடவையும் கூலியும் சேதாரமும் கழியும். வங்கி இருக்கிறதே என்றால் சிரிப்பார்கள். 2003 பிப்ரவரியில் தனியார் வங்கிகளில் பணம் எடுக்க நின்ற கூட்டமும், எடுக்க விடாமல் போட்ட வரம்பும் யாருக்கும் மறக்கவில்லை. நம் ஆட்கள் கோயில் வட்டாரத்திலும் உறவுக்குள்ளும் சீட்டுப் பிடித்துச் சமாளித்தார்கள், ஊருக்குப் பணம் அனுப்ப, வங்கி இல்லாமல் ஆள் வழியாகக் கைமாறும் உண்டியல்.

பொருளாதாரம் படிப்பவர் நீங்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தேசத்தின் சேமிப்பு பெட்டிக்குள்ளும் கழுத்திலும் தூங்கினால், அரிசி ஆலைக்கு யார் கடன் கொடுப்பார்கள்? பத்து வருஷத்துக்குப் பலன் தரும் முதலீட்டை எவன் செய்வான்? எங்கள் ஆலைகள் பலவற்றில் அரிசி நொய்யாக உடைந்து உடைந்து விழுந்ததற்கும், தாய்லாந்து அரிசிக்குக் கிடைக்கும் விலை எங்களுக்குக் கிடைக்காததற்கும், காரணத்தைத் தேடினால் 1964-க்கும் 1987-க்கும் போய் நிற்கலாம்.

செல்லாத நோட்டுத் தாளைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு தாளையும் சொல்ல வேண்டும். 1982 குடியுரிமைச் சட்டம். 1823-க்கு முன்பே இங்கே குடியிருந்த இனத்தார் என்று பட்டியலில் இருப்பவர்கள் முழுக் குடிமக்கள். மற்றவர்கள் தாத்தா, அப்பா காலத்துக் காகிதங்களைக் காட்டி, இணைக் குடிமகன் என்றோ இயல்புரிமைக் குடிமகன் என்றோ அட்டை வாங்கவேண்டும். இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று அட்டைக்கு நிறம் வேறு. எஃப்.ஆர்.சி. என்ற அந்நியர் பதிவுப் புத்தகத்தோடு காலம் தள்ளிய தமிழர்கள் ஏராளம், அவர்கள் பிறந்தது இங்கே என்றாலும். சொத்து வாங்க முடியாது, அதனால் தெரிந்த பர்மியர் பெயரில் பினாமியாக வாங்குவது. அவர் நல்லவராக இருந்தால் பிழைத்தீர்கள். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகள் முழுக் குடியுரிமை உள்ளவர்களுக்கே என்று நெடுங்காலம் இருந்தது. நன்றாகப் படிக்கும் பிள்ளை டாக்டராக முடியாது என்று தெரிந்த வீட்டில் எட்டாம் வகுப்போடு கடைக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு டாக்டர் குறைந்தார் என்று எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

இப்போது நம்மவர்களுக்குக் கொஞ்சம் கசப்பான பகுதி. பர்மாத் தமிழர் கதையை நாம் எப்போதும் 1964-ல்தான் ஆரம்பிப்போம், அநியாயம் நமக்கு நடந்த இடத்திலிருந்து. இருபதுகளுக்குப் போவோம். ஐராவதி டெல்டாவில் காட்டையும் சதுப்பையும் திருத்தி லட்சக்கணக்கான ஏக்கர் நெல் வயலாக்கியது பர்மிய விவசாயி. அதற்குப் பணம் கொடுத்தது பெரும்பாலும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். 1929-30-ல் மாகாண வங்கி விசாரணைக் குழு போட்ட மதிப்பில் அவர்கள் தொழிலில் போட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய். உள்ளூர் வட்டிக்காரனைவிடக் குறைந்த வட்டி, நாணயமான கணக்கு. அவர்களுக்கு நிலத்தின் மேல் ஆசையும் இல்லை, பணம் திரும்பி வந்தால் போதும். இதெல்லாம் உண்மை. உலக மந்தம் வந்து நெல் விலை பாதிக்கும் கீழே சரிந்ததும் கடன் திரும்பவில்லை, அடமானம் மூழ்கியது. 1930-ல் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937 வாக்கில் அது 25 சதவீதம். காட்டைத் திருத்தியவனே குத்தகைக்காரன் ஆனான், அடுத்த வருஷம் அந்தக் குத்தகையும் நிச்சயமில்லை.

அப்போது ஏற்றுமதிக் கணக்கைப் பார்த்தால் பர்மா வளமான மாகாணம். ஆனால் அந்த விவசாயிக்குக் குத்தகைப் பாதுகாப்பு இல்லை, சட்டசபையில் உருப்படியான குரல் இல்லை, கோர்ட் நடப்பது அவனுக்குப் புரியாத மொழியில். இன்னொரு பக்கம் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தெலுங்குக் கூலிகள், தமிழ்க் கூலிகள், மேஸ்திரி பிடித்தது போக மிச்சம்தான் கூலி. 1930 மே மாதம் துறைமுகத்தில் பர்மியத் தொழிலாளிக்கும் இந்தியத் தொழிலாளிக்கும் கலவரம் மூண்டது. இரண்டு ஏழைகளையும் மோதவிட்டு லாபம் பார்த்தது கப்பல் கம்பெனிகள். அந்த வருஷக் கடைசியில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி. சுதந்திரம் வந்ததும் 1948-லேயே நில அரசுடைமைச் சட்டம் வந்தது. பக்கத்து வயல்காரனுக்கு உரிமையில்லாமல் வந்த வளர்ச்சியில் நமக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார்கள், அந்தப் பத்திரம் நிற்கவில்லை. 1964 நியாயம் என்று நான் சொல்லவில்லை. கடை வைத்திருந்த சின்ன மனிதர்களுக்கு நடந்தது பச்சைக் கொள்ளை. ஆனால் அதைச் செய்யத் துணிந்தவர்களுக்குக் கைதட்ட ஒரு கூட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதில் முப்பதுகளில் இருக்கிறது.

வளர்ச்சி வந்தால் உரிமை தானாக வந்துவிடும் என்று உங்கள் வகுப்பில் யாராவது சொன்னால், அதற்கும் பர்மாவில் பதில் உண்டு. 2011-க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு திறந்தது. தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 2012 ஆகஸ்டில் பத்திரிகைத் தணிக்கை நின்றது. அதே வருஷம் ஏப்ரலில் டாலருக்கு 6 கியாட் என்ற பொம்மை விலையை விட்டுவிட்டு 818-ல் உண்மை விலைக்கு வந்தார்கள். ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் கியாட் கொடுத்து, அதுவும் ஆள் பிடித்து வாங்கவேண்டிய சிம் கார்டு 2014-ல் வெற்றிலை பாக்குக் கடையில் 1,500 கியாட்டுக்குக் கிடைத்தது. பத்து வருஷம் ஏறத்தாழ 6, 7 சதவீத வளர்ச்சி. 2005-ல் மக்களில் 48 சதவீதம் ஏழைகள், 2017-ல் 25 சதவீதம். 2015-ல் முதல் தடவையாகக் குறைந்தபட்சக் கூலி, நாளுக்கு 3,600 கியாட், 2018-ல் அது 4,800. ரங்கூனின் தொழிற்பேட்டையான ஹ்லைங் தாயா பக்கம் தையல் கம்பெனிகளில் வேலை பார்த்த பெண்பிள்ளைகள் சங்கம் வைத்து, கேட்டிலேயே உட்கார்ந்து பேரம் பேசி வாங்கிய கூலி அது.

அதே 2017-ல்தான் ராக்கைன் மாநிலத்திலிருந்து முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்கள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சில மாதங்களில் வங்காளதேசத்துக்கு விரட்டப்பட்டார்கள். அவர்களிடமிருந்து குடியுரிமையைப் பறித்ததும் அந்த 1982 சட்டம்தான். ரங்கூனில் கடைகள் திறந்திருந்தன, கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன, வளர்ச்சி விகிதம் பெரிதாக அசையவில்லை. நம் சனங்களிலும் பலர் வாயைத் திறக்கவில்லை. ஆகவே மனித உரிமையை ‘வளர்ச்சிக்கு நல்லது’ என்ற ஒரே காரணத்துக்காக ஆதரிப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. ஒரு சின்ன ஏழைக் கூட்டத்தின் உரிமையைப் பறித்தால் மொத்தக் கணக்கில் ஒன்றும் தெரியாது. கணக்கில் தெரியாததால் அது சரியாகிவிடாது.

2021 பிப்ரவரி 1-ல் மறுபடி ராணுவம். அந்த நிதியாண்டில் பொருளாதாரம் 18 சதவீதம் சுருங்கியதாக உலக வங்கி கணக்கிட்டது. டாக்டர், வங்கி ஊழியர், ரயில்வேக்காரர் எல்லோரும் வேலைக்குப் போக மறுத்தார்கள். பிப்ரவரிக் கடைசியில் 16 தொழிலாளர் அமைப்புகளைச் சட்டவிரோதம் என்று அறிவித்தார்கள். வங்கியில் வாரத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு, ஏ.டி.எம். வாசலில் விடியற்காலை வரிசை, தரகு கொடுத்து ரொக்கம் வாங்கும் வியாபாரம். எங்கள் தொழிலுக்கு அடி 2022 ஏப்ரல் 3-ல் விழுந்தது. ஏற்றுமதி டாலர் வந்தால் ஒரு வேலை நாளுக்குள் அதை 1,850 கியாட் வீதத்தில் மாற்றிவிட வேண்டும் என்று அன்றைக்கு உத்தரவு. வெளியே விலை அதைவிட அதிகம், இடைவெளி மாதாமாதம் விரிந்தது. பெயர்தான் அந்நியச் செலாவணி ஒழுங்கு, உண்மையில் ஒவ்வொரு மூட்டை உளுந்திலிருந்தும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வது, நெல் கொள்முதலின் தம்பி. அப்புறம் என்ன, விலைப்பட்டியலில் குறைத்துக் காட்டுவதும் மிச்சத்தை உண்டியலில் தீர்ப்பதும் பழையபடி தொடங்கியது. 2021-க்கு முன் டாலருக்குச் சுமார் 1,330 கியாட். பிறகு வெளிச்சந்தையில் 4,000-ஐத் தாண்டிவிட்டது. அன்றைக்கு 4,800 கியாட் கூலி மூன்றரை டாலர். பிற்பாடு அதன் மேல் படி சேர்த்து 6,800 ஆக்கியபோதும் ஒன்றரை டாலரை ஒட்டித்தான் நின்றது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை அறிவித்ததும் இளைஞர்கள் பாஸ்போர்ட் அலுவலகத்தில் மொய்த்தார்கள். பாங்காக்கில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் பலர் அப்படிப் போனவர்கள்தான். நாட்டின் மூலதனத்தில் மிகப் பெரியது 18 முதல் 35 வயது. அது ஓடிவிட்டது.

அமர்த்யா சென் பெயரைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் சின்னப் பிள்ளையாக மூன்று வருஷம் மாந்தளையில் வளர்ந்தவர், அப்பா அங்கே விவசாயக் கல்லூரியில் ஆசிரியர். சுதந்திரமான பத்திரிகையும் செயல்படும் ஜனநாயகமும் இருக்கும் நாட்டில் பெரும் பஞ்சம் வருவதில்லை என்பது அவர் கருத்து. 1943 வங்காளப் பஞ்சத்தின்போது பர்மா ஜப்பான் கையில், அங்கிருந்து போன அரிசி நின்றுவிட்டது என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படும். அவரோ, அரிசி இல்லாததைவிட ஏழையிடம் வாங்கும் சக்தியும் கேட்கும் குரலும் இல்லாததுதான் ஆளைக் கொன்றது என்று காட்டினார். புயலுக்கும் அதைப் பொருத்திப் பார்க்கலாம். 2008 மே 2, 3 தேதிகளில் நர்கிஸ் டெல்டாவை அடித்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சுமார் 1,38,000 பேர். முதல் நாட்களில் வெளிநாட்டு உதவியை உள்ளே விடவில்லை, ஆனால் மே 10-ம் தேதி அரசியல் சட்ட வாக்கெடுப்பை மட்டும் நடத்தினார்கள், அடிபட்ட இடங்களில் மே 24-ல். டெல்டாவின் விதைநெல், எருமை, படகு எல்லாம் போனது. அதே மாதிரி கடற்கரை உள்ள இந்தியாவில் இத்தனை சாவு நடந்து, எந்த முதலமைச்சரும் பதவியில் இருந்திருக்க முடியுமா?

உலகளவில் ஆய்வு செய்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் ஒரு வரி. 2019-ல் டேரன் அசெமோக்லு, ஜேம்ஸ் ராபின்சன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஜனநாயகத்துக்கு மாறிய நாடுகளில் 25 ஆண்டுகளில் தலா வருமானம், மாறாமல் இருந்திருந்தால் இருக்கும் அளவைவிட 20 சதவீதம் அளவுக்கு உயர்ந்ததாகக் கணக்கு வந்தது. பிரமாதமான பாய்ச்சல் இல்லை, ஆனால் “உரிமை வளர்ச்சியைக் கெடுக்கும்” என்பதற்கு நேர் எதிர். சராசரிக்குப் பின்னால் எல்லாவிதமான நாடுகளும் இருக்கின்றன என்பதை மறக்காமல் மேற்கோள் காட்டுங்கள்.

கடைசியாகத் தடை பற்றி. 2003-ல் அமெரிக்கா பர்மாப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் இறக்குமதித் தடை போட்டது. ஜெனரல்களின் எரிவாயு தாய்லாந்துக்குக் குழாயில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. தையல் கம்பெனிகள் மூடி, ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். 2013-ல் ஐரோப்பா வரிச் சலுகையைத் திருப்பிக் கொடுத்ததும் அந்தத் தொழில்தான் மறுபடி எழுந்து, நான் மேலே சொன்ன சங்கங்களையும் வளர்த்தது. இந்தத் தடவை ஐரோப்பிய ஒன்றியம் 2022 பிப்ரவரியில் அரசு எண்ணெய், எரிவாயு நிறுவனத்தின் மேலேயே நேராகக் கை வைத்தது. அது சரியான இடம், ராணுவத்துக்கு வரும் டாலரில் பெரும்பங்கு அங்கேதான். ஆனால் அதே வருஷம் அக்டோபரில் பணமோசடித் தடுப்புக்கான சர்வதேச அமைப்பு நாட்டையே கறுப்புப் பட்டியலில் சேர்த்ததும், சின்ன வியாபாரிக்கு வெளிநாட்டு வங்கி வழியாக ஒழுங்காகப் பணம் வரவழைப்பது இன்னும் சிரமமாகிவிட்டது, பெரிய கைகளுக்கு வேறு வழி எப்போதும் உண்டு. உரிமையைத் தடை கொண்டுவராது தம்பி, அதை இங்கே இருப்பவர்கள்தான் வாங்கவேண்டும். வாங்கப் போராடுகிறவர்களின் சோற்றில் கை வைக்காமல் இருந்தால் போதும். எரிவாயுப் பணத்துக்குத் தடை, போடட்டும். விமான எரிபொருளுக்கும் ஆயுதத்துக்கும் தடை, இன்னும் இறுக்கட்டும். தையல் கூடத்துக்கும் உளுந்துக்கும் வேண்டாம். உளுந்தை நிறுத்துவதற்கு உங்கள் இந்தியாவே அவ்வப்போது இறக்குமதி வரம்பு போட்டுவிடுகிறது. 2017-ல் அப்படிச் செய்தபோது எங்கள் விவசாயி அடிமாட்டு விலைக்கு விற்றார்.